மெஷினுக்குக் குடை பிடிக்கிறோம்

ரோடு அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியை டிரைபாடில் ஏற்றி, மட்டம் பார்க்கிற குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்ததும் நாங்கள் செய்கிற அடுத்த வேலை குடை விரிப்பது. பழ வண்டிக்கு மேலே நட்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பெரிய குடை. நேர் வெயில் பட்டால் கருவி ஒரு பக்கமாகச் சூடேறும், குமிழி நகரும், அளவு பிசகும். அதனால் குடை. கண்ணாடியில் கண் வைத்துப் பார்க்கிற ஆளின் முகம் அந்த நிழலுக்குள் வந்துவிடும், பிடரியும் முதுகும் வெளியே கிடக்கும். நூறு மீட்டர் தள்ளி, கருவி குறிபார்க்கிற பிரிசம் கம்பத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு அந்த நிழலும் கிடையாது.

பன்னிரண்டு வருடமாக ரோடு சர்வே வேலையில் இருக்கிறேன். தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் என்று பெரும்பாலும் மரமில்லாத ஊர்கள்தான். முதல் ஆறு வருடம் தோலைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் வெயிலில் வேலை பார்த்தவர்கள், அம்மா இன்றைக்கும் உப்பளத்துக்குப் போகிறாள், "நம்ம கறுப்புத் தோலுக்கு வெயில் என்ன செய்யும்" என்பதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

அது பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தோலில் இருக்கும் மெலனின் கொஞ்சம் கதிரைத் தடுக்கும், வெள்ளைக்காரர்களுக்கு வருகிற அளவுக்குத் தோல் புற்றுநோய் நமக்கு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட கணக்கில், 183 நாடுகளில் சுமார் 19,000 பேர் 2019-ஆம் ஆண்டில் மட்டும் வெயிலில் வேலை செய்ததால் வந்த தோல் புற்றுநோயில் இறந்திருக்கிறார்கள். அந்தப் பயம் நம்மைவிட வெளுத்த தோல்காரர்களுக்கு அதிகம். ஆனால் மங்கு, உதடு வெடிப்பு, கழுத்தில் தடித்துக் கறுத்துப்போன தோல், வெயில் பட்டாலே அரிக்கிற அலர்ஜி, கண்ணில் சதை வளர்வது, இதெல்லாம் கறுப்பு சிவப்பு பார்த்து வருவதில்லை. மங்கு என்றால் வெளுத்த தோலைவிட நம் மாதிரி மாநிறத் தோலில்தான் அதிகம் வருகிறது, வந்தால் போகவும் மாட்டேன் என்கிறது.

எனக்கு அதுதான் வந்தது. 29 வயதில் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் காப்பிக்கறை மாதிரி படர்ந்தது. பொம்பளைகளுக்குத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடையில் காட்டினேன், ஒரு சின்ன டியூப் எடுத்துக் கொடுத்தார், சீட்டெல்லாம் கேட்கவில்லை. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். விடாமல் ஐந்து மாதம் போட்டேன். ஒருநாள் தீர்ந்துபோய் வாங்க மறந்தேன், மூன்றாம் நாள் முகம் முழுக்க எரிச்சல், சிவப்பு, சின்னச் சின்னக் கொப்புளம், குழாய்த் தண்ணீர் பட்டாலே மிளகாய்த்தூள் தடவின மாதிரி இருந்தது. பழைய மங்கு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைட்டில் பத்துப் பேரைக் கேட்டால் நாலு பேர் இந்த மாதிரி ஏதோ ஒன்றைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள், படைக்கு ஒன்று, மங்குக்கு ஒன்று, சிவப்பாக ஆவதற்கு ஒன்று. ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கிவிடும், மெலிந்த தோலில் வெயில் இன்னும் ஆழமாகக் கடிக்கும். இந்த வகை க்ரீம்களில் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. டியூபின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், தோல் டாக்டரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்துங்கள்.

அரசு மருத்துவமனையில் என்னைப் பார்த்த தோல் டாக்டரம்மா முதலில் மருந்து எழுதவில்லை. "காலையில எத்தனை மணிக்கு வெளிய போறீங்க, எத்தனை மணிக்கு நிழலுக்கு வர்றீங்க, என்ன சட்டை போடுவீங்க" என்று கேட்டார். அரைக்கை பனியன் என்றேன். "வெயிலுக்கு முதல் மருந்து துணி, ரெண்டாவது நேரம், க்ரீம் அதுக்கப்புறம்தான்" என்றார். அந்த வரிசையை இந்த ஆறு வருடமாக மாற்றாமல் பின்பற்றுகிறேன்.

வெயிலின் சூடும், தோலைக் கெடுக்கிற கதிரும் வேறு வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தோலைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். அது சுடாது, தெரியாது. மார்கழி, தை மாதத்தில் காற்று குளுகுளுவென்று இருக்கும், வெயில் இதமாக இருக்கிறது என்று சட்டையைக் கழற்றிவிட்டு வேலை பார்ப்போம், அப்போதும் நடுப்பகலில் நம் ஊரில் கதிர் பலமாகத்தான் இருக்கிறது. மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் பெரும்பகுதி கீழே வந்துவிடும். இன்னொரு பக்கம், கத்திரி வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அனல் அடிக்கும், உடம்பு தாங்காது, ஆனால் அந்நேரம் கதிர் வெகுவாகக் குறைந்திருக்கும். அனலுக்குத் தண்ணீரும் மோரும், கதிருக்குத் துணியும் நிழலும். இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதிர் எவ்வளவு இருக்கிறது என்று அறிய போனும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் கதிர் குறைவு, குட்டையாக இருந்தால் அதிகம். காலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டால் அதுதான் உச்சம். தூத்துக்குடியில் சித்திரை பிறக்கிற நாளை ஒட்டி சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். பகல் 12 மணி 18 நிமிட வாக்கில் ரேஞ்சிங் ராட் என்கிற எங்கள் குறிக்கம்பைத் தரையில் நேராக நட்டு வைத்தால் நிழலே இருக்காது, அடியில் ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஒருமுறை இதே மாதிரி வரும். ஆவணி வெயில்தானே என்று அப்போது யாரும் கண்டுகொள்வதில்லை.

சரி, நேரத்தை மாற்றுவது நம் கையிலா இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தோல், முகம் என்று சொல்லிப் போனால் எந்த காண்ட்ராக்டரும் காதில் வாங்க மாட்டார். கானலைச் சொல்லிப் போனேன். பதினொன்றரை மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பி, கண்ணாடிக்குள் ஸ்டாஃப் என்கிற அளவுக்கம்பின் எண்கள் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும், ஐந்தா ஆறா என்று தெரியாது, அந்நேரம் எடுக்கிற லெவல், அதாவது தரையின் உயர அளவு, பல தடவை முடிவில் கணக்குச் சேராது, மறுநாள் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்து லெவல் புக்கை எடுத்து, திரும்ப எடுத்த இடங்களை எல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகு காலை 5.45-க்கு ஆரம்பித்து 11 மணிக்கு நிறுத்துகிறோம், மூன்றரைக்கு மறுபடி இறங்கி இருட்டும் வரை. நடுவில் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற வேலை. உங்கள் வேலையிலும் இப்படி ஒரு காரணம் கட்டாயம் இருக்கும். கொத்தனார் வேலை என்றால் உச்சிவெயிலில் பூசின பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்கிறது, வயல் என்றால் மதியம் அடித்த மருந்து இலையைக் கருக்குகிறது. முதலாளிக்கு நஷ்டம் எங்கே என்று பார்த்து அங்கிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

என் அத்தான் துபாயில் கட்டட வேலையில் இருக்கிறார். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, மீறினால் ஆளுக்கு இவ்வளவு என்று அபராதம். அவர் இதைச் சொன்னபோது எனக்கு வயிறெரிந்தது. அதே ஆள் நம் ஊரில் அதே வேலையைச் செய்தபோது, "மழைக்கா ஒதுங்குறே, வெயிலுக்குத்தானே" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இனி துணி. இதில்தான் கொஞ்சக் காசில் நிறைய லாபம்.

சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் கதிரும் வரும். வெள்ளையில் மெல்லிய பனியன் துணி பார்க்கத்தான் குளிர்ச்சி, கதிரைப் பாதியும் குறையுமாகத்தான் தடுக்கும், வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் மோசம். நெருக்க நெசவு, கொஞ்சம் கனம், அடர்ந்த நிறம், தொளதொள என்று இருக்கிற முழுக்கைச் சட்டை, காலர் கட்டாயம். அடர்நிறம் சுடுமே என்றால், ஆமாம், கொஞ்சம் சுடும், ஆனால் தொளதொளப்பாக இருந்தால் உள்ளே காற்று ஓடும். கருநீலமும் காக்கியும் எனக்குச் சரியாக இருக்கின்றன. கை மடிக்கக் கூடாது, மடிக்கிற அந்த இடத்தோடு ஒரு கோடு விழுந்துவிடும்.

தலைக்குத் தொப்பி என்றால் எல்லோரும் கிரிக்கெட் தொப்பி வாங்குகிறார்கள். அது நெற்றியை மூடும், காதையும் பிடரியையும் விட்டுவிடும். சுற்றிலும் மூன்று நான்கு விரற்கடை அகலத்துக்கு விளிம்பு இருக்க வேண்டும். ஹெல்மெட் போட வேண்டிய சைட்டில் ஈரிழைத் துண்டை இரண்டாக மடித்துத் தலையில் போட்டு, காதும் கழுத்தும் மூடுகிற மாதிரித் தொங்கவிட்டு அதன் மேல் ஹெல்மெட், இதற்கு நிகர் வேறு இல்லை. மெல்லிய துண்டு வேண்டாம். முண்டாசு கட்டினால் உச்சந்தலைக்கு மட்டும்தான் பாதுகாப்பு, அதனால் வால் விட்டுக் கட்டுங்கள், வால் பிடரியில் விழட்டும்.

இதையெல்லாம் எனக்கு எந்த டாக்டரும் சொல்லித்தரத் தேவையே இருந்திருக்காது, அம்மாவைச் சரியாகப் பார்த்திருந்தால். அளத்து வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, தலையில் துண்டைப் போட்டுக் காதோடு இறுக்கிக் கட்டி, முகத்தில் கண் மட்டும் தெரிகிற மாதிரிப் போவார்கள். விடிவதற்கு முன்னால் போய் வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் முக்கால்வாசி உப்பை வாரிவிடுவார்கள். துணி, நேரம் இரண்டும் அதிலேயே இருக்கிறது. ஆனால் உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை வெளேரென்று கிடக்கிற பாத்தியிலிருந்தும் அம்பாரத்திலிருந்தும் எதிரொளித்துக் கீழிருந்து மேலாக அடிக்கும். தொப்பி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதைத் தடுக்காது. கண்ணைத் துணியால் மூட முடியாதே, அம்மாவுக்கு இடது கண்ணில் மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழி வரை வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்தோம். தூசியும் காற்றும் வெயிலும் சேர்ந்தால் இது வரும், ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வளரக்கூடும்.

அதனால் கண்ணாடி. கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது, யூவி 400 என்று போட்டிருக்க வேண்டும். கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்மணியை விரிய வைத்துக் கதிரை உள்ளே கூட்டிவிடும். கண்ணாடிக் கடையில் சோதிக்கிற கருவி வைத்திருப்பார்கள், கேட்டால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். பக்கவாட்டிலும் மூடுகிற மாதிரி வளைந்த கண்ணாடி வாங்குங்கள்.

க்ரீமுக்கு வருகிறேன். சன்ஸ்க்ரீன் பணக்காரர்கள் சமாச்சாரம் என்கிறார்கள், விலையைப் பார்த்தால் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. முகம், கழுத்து, காதுக்கு இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும், இந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் இரண்டு மூன்று வாரத்தில் காலி. அதனால்தான் துணி முதலில். துணி மூடாமல் விட்ட மூக்கு, கன்னம், உதடு, புறங்கை, இவ்வளவுக்கு மட்டும் க்ரீம் என்றால் டியூப் நாள்பட வரும். எஸ்பிஎஃப் 30 இருந்தால் போதும். சரியாகப் போட்டால் 30 என்பது சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்பது 98. பெரிய எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட அளவு குறையாமல் போடுவது முக்கியம், பொட்டுப்போல வைத்துத் தேய்த்தால் எந்த எண்ணும் வேலை செய்யாது. பிஏ+++ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்பிஎஃப் எண் தோலைச் சிவந்து பொசுங்கவைக்கிற கதிருக்கான கணக்கு, பிஏ என்பது ஆழமாகப் போய்க் கறுக்கவைக்கிற கதிருக்கு. மங்கு இருப்பவர்கள் தோல் நிறத்திலேயே வருகிற, இரும்பு ஆக்சைடு கலந்த வகையைக் கேளுங்கள், மங்கைக் கூட்டுவதில் சாதாரண வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, அதையும் அது தடுக்கும்.

நான் நேரம் பார்த்துப் போடுவதில்லை. காலையில் கிளம்பும் முன் ஒருமுறை, டீ வரும்போது முகத்தைத் துடைத்துவிட்டு ஒருமுறை, மூன்றரைக்கு இறங்கும்போது ஒருமுறை. டீயோடு கட்டிப்போட்டதால் மறப்பதில்லை. நெற்றியில் புருவத்தை ஒட்டிப் போட்டால் வேர்வையோடு கண்ணில் இறங்கி எரியும், அந்த இடத்தைத் தொப்பி பார்த்துக்கொள்ளட்டும். டியூபை ஜீப் டேஷ்போர்டில் போட்டு வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் மருந்து கெட்டுவிடும், சோற்றுப் பையில் வையுங்கள். டிரைவர்களுக்கு ஒரு வார்த்தை: பக்கவாட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் கறுக்கவைக்கிற கதிர் உள்ளே வரும். எங்கள் ஜீப் ஓட்டுகிற அண்ணனின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வலது கை வேறு யாருடையதோ போல இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்பவர்களுக்கு, எண்ணெய் காய்ந்த தோலுக்கு நல்லது, இரவில் தடவுங்கள், வெயிலுக்கு அதை நம்ப முடியாது.

எங்கள் பிரிசம் பையன் ஒருவனுக்கு இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்து, தோல் யானைத்தோல் மாதிரி ஆகி ராத்திரி தூக்கமில்லாமல் சொறிந்துகொண்டிருந்தான். வெயில் அலர்ஜி என்று நினைத்து க்ரீமை மாற்றி மாற்றிப் போட்டான். கடைசியில் பார்த்தால் பார்த்தீனியம். ரோட்டோரம் முழுக்க வெள்ளைப் பூவோடு நிற்குமே, அதே செடிதான், அதன் தூள் காற்றில் வந்து தோலில் படிகிறது, வெயிலும் சேர்ந்தால் கூடுகிறது. அதை அவன் கையாலேயே பிடுங்கிப் பாதை போட்டுக்கொண்டிருந்தான். இப்போது கையுறையோடு அரிவாள், வேலை முடிந்ததும் உடனே குளியல், சட்டையைத் தனியாகத் துவைப்பது. எலுமிச்சையும் அப்படித்தான், சைட்டில் ஜூஸ் பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் நின்றால் இரண்டு நாளில் விரலிலும் மணிக்கட்டிலும் கறுப்புக் கோடு கோடாக விழும், சிலருக்குக் கொப்புளமே வரும். முகம் வெளுக்கும் என்று எலுமிச்சை தடவிக்கொண்டு வெளியே போகாதீர்கள். சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு இளக்கிவிடும், எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் ஒன்று, பிரஷருக்குக் கொடுக்கிற சில நீர் மாத்திரைகள் இன்னொன்று. மாத்திரை வாங்கும்போதே "நான் வெயிலில் வேலை பார்க்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெண்புள்ளி உள்ளவர்கள் அந்த இடங்களைத் துணியால் மூடாமல் வேலைக்கு இறங்கவே கூடாது, அங்கே மெலனின் இல்லை, சட்டென்று பொசுங்கிவிடும்.

ஆறாத புண், உதட்டில் மாதக்கணக்கில் உரிந்துகொண்டே இருக்கிற ஒரு இடம், வளர்கிற மச்சம், இவற்றைத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

என் மங்கு முழுசாகப் போகவில்லை. முக்கால்வாசி மங்கியிருக்கிறது, ஒரு வாரம் அசட்டையாக இருந்தால் கன்னத்தில் மறுபடி எட்டிப் பார்க்கிறது. இப்போதைய சைட்டில் எங்கள் ஐந்து பேருக்கும் கருநீல முழுக்கைச் சட்டை, ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு, பிரிசம் பிடிப்பவர் இடம் மாறி நிற்கிற இடைவேளையில் உட்கார இன்னொரு குடை, இதை எல்லாம் கருவிகளுக்கான பட்டியலிலேயே எழுதிக் கொடுத்து வாங்கினேன், யாரும் கேள்வி கேட்கவில்லை.

அதே துணியில் அம்மாவுக்கும் இரண்டு சட்டை தைத்து எடுத்துப்போனேன். போட்டுப் பார்த்தாள், கைப் பொத்தானைப் பூட்டினாள், கழுத்தை இழுத்துப் பார்த்தாள். "நல்லாருக்குல. அடுத்த தடவ உள்பக்கமா ஒரு பை வச்சுத் தைக்கச் சொல்லு, போன் உப்புத்தண்ணிக்குள்ள விழுந்துருது" என்றாள்.